சாமி ஆட்டுக்கு ஊசி

நேர்ந்துவிட்ட கிடாவுக்கு ஊசி போடலாமா? கால்நடை ஆய்வாளர் வேலையில் ஓய்வு பெற்று ஆனையூரில் உட்கார்ந்திருக்கும் என்னிடம், ஆடி நெருங்கினால் யாராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். இந்த முறை பக்கத்துத் தெரு அப்பத்தா. "அது சாமி சொத்து தம்பி. நாம கை வச்சா குத்தமாயிடாதா?" பாண்டி கோயிலுக்கு விட்ட கிடா. மூக்கில் கெட்டிச் சளி. கழுத்தை நீட்டி, முன்னங்கால்களை அகட்டி நின்று இரைக்கிறது. தெர்மாமீட்டரில் 105 டிகிரி. ஆட்டுக்கு 103 வரை சாதாரணம்.

பலிக்கு மறு இல்லாத ஆடு வேண்டும். பக்ரீத் குர்பானியிலும் நோய் வெளிப்படையாகத் தெரியும் பிராணி ஆகாது. கண்ணுக்குத் தெரியாததற்கு மனிதன் பொறுப்பில்லை என்பது நியாயம்தான். மான்ஹைமியா என்ற பாக்டீரியா திடமான ஆட்டின் மூக்கிலும் தொண்டையிலுமே குடியிருக்கிறது. திருமங்கலம் சந்தையிலிருந்து வண்டியில் நெருக்கி ஏற்றி வந்து, மழையிலும் நனைந்தால் நுரையீரலுக்கு இறங்கிவிடும். அப்படிப் பார்த்தால் மறுவே இல்லாத ஆடு ஏது?

ஆனால் தெர்மாமீட்டர் வைத்த பிறகு அந்தச் சாக்கு செல்லாது. நிழலில் ஓய்வாக இருக்கும் ஆட்டின் விலா நிமிடத்துக்கு 15 முதல் 30 முறை ஏறி இறங்கும். அதை எண்ணாமல் இருப்பதும் பார்க்க மாட்டேன் என்பதும் ஒன்றுதான். மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் கிடா சிலுப்பினால் உத்தரவு கிடைத்துவிட்டது என்கிறோம். காய்ச்சல் கண்ட ஆடும்தான் நடுங்கும். பூசாரிகளிடம் சொன்னால், சாமிக்குத் தெரியாதா என்பார்கள். சாமிக்குத் தெரியும், சரி. கறி தின்ன வரும் சொந்தக்காரனுக்கு?

கிடாவைத் தல்லாகுளம் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொன்னேன். மூக்கினுள் ஆழமாகப் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்து ஆய்வகத்தில் பார்த்தால்தான் எந்தக் கிருமி என்பது ஓரளவு தெரியும். அது மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியாக இருந்தால், அதற்குச் செல் சுவரே கிடையாது, அதனால் பென்சிலின் எடுபடாது. வேறு மருந்து போட்டால், சிலவற்றுக்கு 4 வாரம் வரை கறியைத் தொடக்கூடாது. குறித்த நாள் தப்பும். அப்பத்தாவுக்கு ஊசியைவிட இதுதான் பெரிய பயம்.

நேர்த்தி தேதிக்கா, ஆட்டுக்கா? 1950ஆம் ஆண்டின் பலித் தடைச் சட்டத்தை 2003இல் அரசு தூசி தட்டி எடுத்தது. 2004இல் அதை நீக்கும்வரை தள்ளிப்போன நேர்த்திகள் எத்தனையோ. சாமி கோபித்துக்கொண்டதாக நான் கேள்விப்படவில்லை. இதைச் சொன்னதும் அப்பத்தா தை மாதத்துக்கு ஒத்துக்கொண்டார். பூசாரியிடம் நான்தான் வந்து சொல்ல வேண்டுமாம்.