வெறுமையாய் விடப்பட்ட கட்டம்

வேலைக்கான விண்ணப்பப் படிவத்தில் 'முன்னனுபவம்' என்றொரு கட்டம் உண்டு. பிள்ளைகளை வளர்த்தபின் மீண்டும் தொழில் தேடும் பெண், அந்த ஏழெட்டு ஆண்டுகளை அதில் என்னவென்று எழுதுவாள்? வெறுமையாக விடுகிறாள். நேர்முகப் பரீட்சை நடத்துவோர் அவ்வெறுமையைச் சோம்பலென வாசிக்கின்றனர்.

பெண் விடுதலையின் முதல் நிபந்தனை அவள் சமூக உற்பத்திக்குத் திரும்புதலே என 1884இல் எங்கெல்ஸ் வாதித்தார். சரிதான். ஆயின், திரும்பும் வாயிலில் அவளிடம் கேட்கப்படும் விலை என்ன? புதிதாய்ச் சேர்பவளின் சம்பளம். தன் சொந்தச் செலவில் மறுபயிற்சி. பயிற்சி வேண்டியதே, கருவிகள் மாறிவிட்டன. ஆனால், வளர்ந்த பிள்ளையின் உழைப்பை நாளை முதலாளி பெறுவான். வரியை அரசு பெறும். வளர்த்ததன் இழப்பை மாத்திரம் தாய் தனியே சுமப்பது எந்த நியாயம்?

மலையகத் தோட்டங்களில் பிள்ளை மடுவங்கள் எழுந்தமைக்கு, கொழுந்து பறிக்கும் கைகளின் தேவையும் ஒரு காரணம். (இரக்கம் எவ்வளவு என்பதைத் துரைமாரே அறிவர்.) மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்துக்கு 2018இல் வந்த திருத்தம், மூன்றாம் பிள்ளைக்கு 42 நாளாயிருந்த விடுமுறையை 84 ஆக்கியது. நல்லதே. எனினும், அது காப்பது வேலையில் இருப்பவளை. விலகியவளுக்குப் பயிற்சிக் காலத்தில் ஊதியமும், பயிலுமிடத்தருகே பிள்ளைகளைப் பராமரிக்கும் இல்லமும் வேண்டும். இவற்றைத் தொழிற்சங்கங்கள் தம் கோரிக்கைகளில் சேர்க்கட்டும்.