ஏதென்ஸின் வினாவும் எருசலேமின் கதையும்

அறம் எது என்று அறிந்தவன் அறவழியில் நடந்துவிடுவானா? மேலைநாட்டுச் சிந்தனையின் இரு பெரும் ஊற்றுகளான பண்டைய கிரேக்கமும் எபிரேயமும் இவ்வினாவை வெவ்வேறு திசைகளிலிருந்து அணுகின. இரு மரபுகளிலிருந்தும் ஒவ்வோர் உரையாடலை அருகருகே வைத்துப் பார்த்தால் அந்த வேறுபாடு விளங்கும். இரண்டின் பின்னணியிலும் ஒரு மனிதனின் சாவு நிற்கிறது.

முதலாவது, பிளேட்டோ எழுதிய 'யூதிஃப்ரோ'. கி.மு. 399இல் தம் மீதான வழக்கிற்காக நீதிமன்ற வாயிலுக்கு வரும் சாக்ரடீஸ் அங்கே யூதிஃப்ரோவைச் சந்திக்கிறார். யூதிஃப்ரோ தம் தந்தையின் மீதே கொலைக் குற்றம் சாட்ட வந்திருக்கிறார். குடிவெறியில் ஓர் அடிமையைக் கொன்றுவிட்ட கூலியாள் ஒருவனை அவருடைய தந்தை கைகால்களைக் கட்டிப் பள்ளத்தில் போட்டுவிட்டார். பசியிலும் குளிரிலும் அவன் இறந்துபோனான். தந்தையென்றும் பாராமல் வழக்குத் தொடுப்பதே புனிதச் செயல் என்கிறார் யூதிஃப்ரோ. சாக்ரடீஸ் அந்த உதாரணத்தை ஏற்கவில்லை. புனிதச் செயல்கள் அனைத்தையும் புனிதமாக்குகின்ற பொதுவான வடிவம் எது என்று கேட்கிறார். யூதிஃப்ரோ கூறும் விளக்கங்கள் ஒவ்வொன்றாக நொறுங்குகின்றன. முடிவான விடை கிடைக்காமலே உரையாடல் நின்றுவிடுகிறது.

இரண்டாவது, எபிரேய மறைநூலின் சாமுவேல் ஆகமத்தில் வருவது. தாவீது மன்னன் தன் போர்வீரன் உரியாவின் மனைவியைக் கவர்ந்தான். பின்னர் உரியாவைக் கடும்போர் நடக்கும் முனையில் நிறுத்தி மடியச் செய்தான். நாத்தான் என்ற தீர்க்கதரிசி மன்னனிடம் வந்து ஒரு கதை சொல்கிறார். திரளான மந்தைகளை உடைய செல்வன் ஒருவன், ஏழை மகள்போல் வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கி விருந்தினனுக்குச் சமைத்துவிட்டான். தாவீது கொதித்தெழுந்து, அவன் சாவுக்குரியவன் என்று தீர்ப்பளிக்கிறான். அந்த மனிதன் மன்னனே என்கிறார் நாத்தான். தாவீது தன் பாவத்தை ஒப்புக்கொள்கிறான்.

சாக்ரடீஸ் உதாரணத்தை விலக்கி இலக்கணத்தைத் தேடுகிறார். நாத்தானோ இலக்கணம் எதுவும் கூறாமல் கதையால் ஒரு மனிதனைப் பிடித்து நிறுத்துகிறார்.

நார்வே அறிஞர் தோர்லீஃப் போமன் 1952இல் வெளியிட்ட நூலில், கிரேக்கச் சிந்தனை காட்சியையும் நிலைபேற்றையும் சார்ந்தது, எபிரேயச் சிந்தனை கேள்வியையும் இயக்கத்தையும் சார்ந்தது என்று மொழிகளின் அமைப்பைக் கொண்டு வாதிட்டார். சொற்களின் வேரையும் இலக்கணத்தையும் கொண்டு ஓர் இனத்தின் மனத்தை அளந்துவிட முடியாது என்று 1961இல் ஜேம்ஸ் பார் அதனை மறுத்தார். அவருடைய எச்சரிக்கை நியாயமானதே. எபிரேயர்களிடமும் பொதுநெறி கூறும் நீதிமொழிகள் உண்டு. சாக்ரடீஸும் வெறும் இலக்கணம் தேடியவர் அல்லர். சலாமிஸைச் சேர்ந்த லியோனைக் கொலைத் தண்டனைக்காகப் பிடித்துவருமாறு முப்பதின்மர் ஆட்சி ஆணையிட்டபோது, அவர் கீழ்ப்படியாமல் வீடு திரும்பினார்.

ஆகவே இவற்றை இரண்டு இனங்களின் இயல்பு என்று கொள்வதைவிட, இரண்டு நோய்களுக்கான இரண்டு மருந்துகள் என்று கொள்வதே பொருத்தம். யூதிஃப்ரோவின் நோய், அறியாததை அறிந்ததாக எண்ணுவது. அந்த உறுதியோடு அவர் தந்தையின் உயிரையே பணயம் வைக்கத் துணிகிறார். அவருக்குத் தேவை வினா. தாவீதின் நோய் வேறு. அவனுக்கு நீதி தெரியும். அவன் அளித்த தீர்ப்பிலும் பிழையில்லை. அந்த நீதியின் முன்னால் தான் நிற்பதை மட்டும் அவன் காணவில்லை. எத்தனை நுட்பமான இலக்கணமும் அந்தக் குருட்டுத்தன்மையைப் போக்கியிராது. அவனுக்குத் தேவை, அவனையே சுட்டிக்காட்டும் ஒரு குரல்.

ஆராயாத ஆர்வம் அநீதியில் முடியக்கூடும். தன்னைத் தொடாத ஆராய்ச்சியோ, மனிதன் தன் மனச்சான்றிடமிருந்து ஒளிந்துகொள்ளும் இடமாகிவிடும். பிறர் குற்றத்தின் மீது கோபம் எழும்போதெல்லாம் இரண்டு வினாக்கள் நம்முன் நிற்கின்றன: இது உண்மையிலேயே குற்றம்தானா? அப்படியானால், அந்த மனிதன் நானாகவே இருக்கக்கூடுமா? முதல் வினாவைக் கேட்பதற்குக் கூர்த்த அறிவு போதும். இரண்டாவதற்குத் துணிவும் வேண்டும்.