அறியாததைத் தேடுதல்

அறிந்த பொருளைத் தேட வேண்டுவதில்லை. அறியாத பொருளையோ, இன்னதென்று தெரியாமையால், தேடவே இயலாது. தற்செயலாக எதிர்ப்பட்டாலும் இதுதான் அது என்று கண்டுகொள்ள வழியில்லை. பிளேட்டோவின் ‘மேனோ’ என்னும் சம்பாஷணையில் எழும் இந்த ஆட்சேபத்தை வெறும் விதண்டாவாதம் என்று கண்டித்த சாக்ரடீஸ், கண்டனத்தோடு நில்லாமல், க்ஷேத்திரகணிதமே பயிலாத ஓர் அடிமைச் சிறுவனை அழைத்து, இரண்டடிப் பக்கமுள்ள சதுரம் ஒன்றைக் காட்டி, அதற்கு இருமடங்கு பரப்புள்ள சதுரத்தின் பக்கம் எவ்வளவு என்று கேட்டார். சிறுவன் நான்கடி என்றான். பரப்பு 16 ஆயிற்று. மூன்றடி என்றான், 9 ஆயிற்று. வேண்டியதோ 8. தனக்குத் தெரியவில்லை என்று அவன் ஒப்புக்கொண்ட பின்னர், சாக்ரடீஸ் மூலைக்கு மூலை கோடிழுத்து, அந்தக் கர்ணமே வேண்டிய பக்கம் என்பதை அவனே சொல்லும்படி செய்தார். கற்பதென்பது ஆன்மா முன்பே அறிந்ததை நினைவுகூர்தலேயாம் என்பதற்கு இதைச் சான்றாகக் கொள்கிறது அந்நூல்.

ஒரு சதுரம் அத்தனை பாரத்தைத் தாங்குமா என்பது எனக்குச் சந்தேகமே. கணக்கு முன்பே தீர்ந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, தெரிந்த கோடுகளுக்கும் தெரியாத கோடுகளுக்கும் வேற்றுமையின்றிப் பெயரிடுக என்று 1637-இல் டேக்கார்ட் தம் ‘ஜியோமெட்ரி’யில் விதித்த முறைப்படி, பக்கத்தை ‘எக்ஸ்’ எனக் கொண்டால், அதன் வர்க்கம் 8 என்னும் சமீகரணம் கிடைக்கிறது. பூர்வஜன்ம ஞானம் எதுவும் தேவைப்படவில்லை. எட்டின் வர்க்கமூலம் எந்தப் பின்னத்திலும் முற்ற அடங்காதாகையால், சிறுவன் ஆயுள் முழுவதும் எண்களையே சொல்லிக்கொண்டிருந்தாலும் அதை எட்டியிருக்க மாட்டான். எண்ணிச் சொல்ல முடியாவிட்டால் கோட்டைச் சுட்டியேனும் காட்டு என்று சாக்ரடீஸ் சொன்னது அதனாலேதான் போலும். அன்றியும், சமீகரணம் குறை எண்ணாகிய மற்றொரு மூலத்தையும் கூடவே தருகிறது. அதைத் தள்ளிவிடுகிறோம்; தள்ளச் சொல்வது சமீகரணமன்று, பக்கம் என்பது எத்தகையது என்று நாம் முன்பே அறிந்திருக்கும் அறிவு. ஆகவே தேடப்படுவது அடியோடு அறியப்படாததன்று: அதன் இயல்பும் சம்பந்தமும் தெரியும், அளவுதான் தெரியாது.

இதே பூர்வபட்சத்தைப் பிரம்மசூத்திர பாஷ்யத்தின் முதற்சூத்திரத்திலேயே சங்கரர் எழுப்புகிறார். பிரம்மம் பிரசித்தமானால் விசாரம் வேண்டா; அப்பிரசித்தமானால் விசாரம் கூடாது. அவர் கூறும் சமாதானம், பிரம்மம் எல்லோருக்கும் ஆன்மாவாகச் சாமானியமாகத் தெரிந்தே இருக்கிறது, ‘நான் இல்லை’ என்று உணர்வார் எவருமில்லை. ஆனால் அது தேகமா, இந்திரியமா, மனமா, க்ஷணந்தோறும் மாறும் விஞ்ஞானமா, சூனியமா என்று விசேஷத்தில் விவாதம் இருப்பதால் விசாரம் அவசியமாகிறது என்பதாம். பிளேட்டோவின் விடையினும் இவ்விடையே சதுரக் கணக்குக்கு நெருங்கியது என்பது என் துணிபு.

எனினும் ஒற்றுமையை மிகைப்படுத்தலாகாது. கணக்கில் ‘இரண்டடி’ என்று கொடுக்கப்பட்டதை எவரும் மறுப்பதில்லை; ஆன்ம விசாரத்திலோ கொடுக்கப்பட்ட ‘நான்’ என்பதைப் பற்றியே விவாதம். தெரியாத பக்கம் கணக்கிடுவோனுக்குப் புறம்பாக நிற்கிறது; இங்கே தேடுவோனே தேடப்படும் பொருள். பெயரிட்டு ஒதுக்கி வைக்க இடமில்லாமையால், டேக்கார்ட்டின் முறை இவ்விடத்தில் கைகொடாது. சாக்ரடீஸும் நினைவுகூர்தற் கொள்கையின் மற்ற அம்சங்களை உறுதியாகச் சாதிக்கப் புகவில்லை. அறியாததைத் தேடியே ஆகவேண்டும் என்ற ஒன்றுக்காக மட்டுமே, சொல்லாலும் செயலாலும் போராடச் சித்தமாயிருப்பதாகக் கூறி அப்பகுதியை முடிக்கிறார்.