பொய்யர் இயற்றிய பிரார்த்தனை

வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித் நகரத்துத் தேசிய நூலகத்தில் காக்கப்படும் யோலோ மோர்கானுக்கின் காகிதக் குவியலை ஆராயப் புகுகிறவர், கவிதையும் கணக்கும் கடிதமும் பழஞ்சுவடிப் பிரதிகளும் விரவிக் கிடக்கும் அவ்வனத்தில், எது பிராசீனம், எது அவருடைய கற்பனை என்று பிரித்தறிய இயலாமல் திகைப்பது இயல்பே. 1747 முதல் 1826 வரை வாழ்ந்த இந்தக் கல்தச்சரின் இயற்பெயர் எட்வர்ட் வில்லியம்ஸ். அபினிச் சாராயத்துக்கு அடிமையாயிருந்தும், மனிதரை அடிமைகொள்வதை மனப்பூர்வமாக வெறுத்தவர். 14-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் தாவித் அப் க்விலிமின் பெயரில் தாமே பாடல்கள் புனைந்து, அவை 1789-இல் அச்சேறிய பதிப்பிலேயே இடம்பெறுமாறு செய்த சாமர்த்தியசாலி!

1792-இல் லண்டனின் பிரிம்ரோஸ் குன்றில், புராதனப் பூசாரிகளான துரூயிதுகளின் மரபென்று சொல்லி அவர் தொடங்கிய கவிஞர் சபைச் சடங்கில், ஞானமும் நீதியும் இறையன்பும் வேண்டி ஒரு பிரார்த்தனை இன்றும் ஓதப்படுகிறது. அதுவும் அவருடைய ஏடுகளிலிருந்து வந்ததே. ஜி. ஜே. வில்லியம்ஸ் என்ற அறிஞர் 20-ஆம் நூற்றாண்டில் இந்தப் புனைவுகளை ஐயமற நிரூபித்த பின்பும் அந்தப் பிரார்த்தனை நின்றுவிடவில்லை. பொய்யான வம்சாவளியுடைய ஜெபம் மெய்யான பக்தியைத் தாங்குமா? தாங்கும் என்றே நான் கருதுகிறேன். ஏனெனில் நீதியை வேண்டுகிற நெஞ்சு தன் வேண்டுதலின் வயதைக் கேட்பதில்லை. ஆயினும், தம் சொல்லைத் தம்முடையதென்று சொல்லியிருந்தால் எவரும் செவிகொடார் என்று யோலோ அஞ்சியிருப்பாரானால், அக்குற்றத்தில் பழமையை மட்டுமே வணங்கிய அக்காலத்தவருக்கும் பங்குண்டு.