அந்நிய நாட்டுப் பிரஜையாவது குற்றமா?



ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போது காதில் விழும் பேச்சைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். மழை, விலைவாசி, கலியாணம் என்ற மூன்றும் இருந்த இடத்தில் இப்போது நான்காவதாக ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. "தம்பிக்கு விசா வந்துவிட்டதா?" "மகளுக்கு எப்போது சிட்டிசன்ஷிப்?" கேட்கிறவர் புன்னகையோடு கேட்கிறார், பதில் சொல்லும் தாயோ பாதிப் பெருமையும் பாதிக் கலக்கமுமாகச் சொல்கிறாள். அப்பக்கம் போகிற ஒரு பெரியவர், "பெற்ற நாட்டை விற்றுப் பிழைக்கிற காலம்!" என்று முணுமுணுக்கிறார். அவருக்குப் பின்னால் வருகிற வாலிபனோ, "பிழைக்கத் தெரிந்தவன் போகிறான், தெரியாதவன் பேசுகிறான்" என்று சிரிக்கிறான். இருவரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள்; யோசிக்கும் சிரமத்தைத் தங்களுக்கு மிச்சப்படுத்திக் கொள்கிறார்கள். நாம் அந்தச் சிரமத்தைக் கொஞ்சம் எடுத்துக் கொள்வோம்.

முதலில் அர்ச். சின்னப்பரை நினைத்துக் கொள்ளுங்கள். எருசலேமில் ஜனக்கூட்டம் அவரைக் கொல்லப் பார்த்தபோது, உரோமைப் படைத்தலைவன் அவரைப் பிடித்துச் சாட்டையால் அடித்து விசாரிக்கும்படி உத்தரவிட்டான். வாரினால் கட்டியும் ஆயிற்று. அப்போதுதான் சின்னப்பர் தாம் உரோமைப் பிரஜை என்பதை வெளியிட்டார். படைத்தலைவன் பதறி ஓடி வந்து, அந்த உரிமையைத் தான் பெருந்தொகை கொடுத்து வாங்கியதாகச் சொன்னான். சின்னப்பரோ தாம் பிறப்பிலேயே அதை உடையவர் என்றார். இதில் நம்முடைய காரியத்துக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. ஒரு நாட்டின் பிரஜா உரிமை வெறும் காகிதமல்ல. அது ஒருவனைச் சாட்டையடியிலிருந்து காப்பாற்றும். அதை உபயோகிக்க அப்போஸ்தலர் வெட்கப்படவில்லை. அதே சமயத்தில் தாம் தார்சு பட்டணத்து யூதன் என்பதையும் அவர் ஒரு நாளும் மறைக்கவில்லை. விலைக்கு வாங்குகிறவர்கள் அக்காலத்திலேயே இருந்தார்கள் என்பதையும் காண்கிறோம்.

வேடிக்கை என்னவென்றால், அதே சின்னப்பர் பிற்பாடு உரோமைக்குக் கொண்டு போகப்படுகையில் கப்பல் உடைந்து, 276 பேரோடு கரை ஒதுங்கிய தீவு மால்டா. மழையில் நனைந்து குளிரில் நடுங்கிய அந்த அந்நியருக்கு, யார் எவர் என்று கேளாமலே தீவார் நெருப்பு மூட்டிக் கொடுத்தார்கள். அந்தத் தீவில் 2014-ஆம் ஆண்டு முதல் பிரஜா உரிமை பணத்துக்குக் கிடைத்தது. 2020-ல் திருத்திய ஏற்பாட்டின்படி, மூன்றாண்டு வாசத்துக்குப் பின் என்றால் 6,00,000 யூரோ. ஓராண்டிலேயே வேண்டுமென்றால் 7,50,000 யூரோ. வீடும் தர்மத்தொகையும் தனி. கடைசியில் 2025 ஏப்ரல் 29 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் இது சட்டவிரோதம் என்று தீர்த்தது. ஒரு நாட்டுக்கும் அதன் பிரஜைக்கும் உள்ள கட்டு, ஒருவரையொருவர் தாங்குவதும் நம்புவதுமான கட்டு. அதை வியாபாரமாக்க முடியாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். நெருப்புக்குக் காசு கேளாதவர்களின் தீவில் இப்படி ஒரு தீர்ப்பு தேவைப்பட்டதே என்று எண்ணிப் பார்க்கலாம்.

"ஆறு லட்சம் யூரோவுக்கு நாங்கள் எங்கே போவோம்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. மெய்தான். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும் வாசல்கள் வேறு. படிக்கப் போகலாம், தொழில் தெரிந்தவனை ஒரு முதலாளி அழைக்கலாம், அங்குள்ள கணவனோ மனைவியோ கூப்பிடலாம். கூடப்பிறந்தவர் மனுப் போட்டால் அமெரிக்காவில் இந்தியருக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். மனுப் போட்டபோது தொட்டிலில் கிடந்த பிள்ளை மீசை முளைத்து நிற்பான். இந்த வாசல்களில் பணத்தை விட வேறொரு விலை அடிக்கடி கேட்கப்படுகிறது. அந்த விலைதான் இன்று நாம் பேச வேண்டியது. அதன் பெயர் பொய்.

ஒரு குடும்பத்தை வைத்துக் கொள்வோம். மகனைக் கானடாவுக்குப் படிக்க அனுப்ப ஆசை. கல்லூரிக் கட்டணம் தவிர, முதல் ஆண்டு சாப்பாட்டுக்கும் குடியிருப்புக்கும் போதுமான பணம் இருப்பதாகக் காட்ட வேண்டும். 10,000 டாலராக இருந்த அந்தத் தொகை 2024 ஜனவரியில் 20,635 டாலராக உயர்ந்தது, அதன் பின்னும் ஏறியிருக்கிறது. வீட்டில் அவ்வளவு இல்லை. ஏஜெண்டு சொல்கிறான்: "கவலைப்படாதீர்கள் ஐயா. ஒரு மாசத்துக்கு உங்கள் கணக்கில் பணம் போட்டு வைக்க ஆள் இருக்கிறது. வட்டி மட்டும் கொடுங்கள். விசா வந்ததும் எடுத்துக் கொள்வார்கள்." தகப்பனார் ஒரு நாள் யோசிக்கிறார். பிறகு கையெழுத்துப் போடுகிறார்.

இது பாவமா? "அந்த ஆபீசருக்கு என் வீட்டுக் கணக்கை அறிய என்ன உரிமை?" என்று அவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. கேட்க உரிமையில்லாதவனுக்கு உண்மையைச் சொல்லாமல் இருப்பது பொய்யாகாது என்று வேதசாஸ்திரிகள் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் மகளின் வியாதியைப் பற்றி வம்புக்காரி கேட்டால் நீங்கள் பேச்சை மாற்றலாம். ஆனால் தன் வீட்டுக்குள் வர விரும்புகிறவனை வாசலில் நிறுத்தி, "நீ யார், எதற்கு வருகிறாய்?" என்று கேட்க வீட்டுக்காரனுக்கு உரிமை இல்லையா? விருப்பமில்லை என்றால் நாம் திரும்பி வரலாம்; பொய் சொல்லி உள்ளே நுழைய உரிமை எங்கிருந்து வந்தது?

இன்னும் ஒன்று. அந்தப் பணம் ஏன் கேட்கப்படுகிறது? பிள்ளை அங்கே பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காகவும்தான். கணக்கில் இருந்தது கடன்காரன் பணம். விசா வந்த மறுநாள் அது போய்விட்டது. பையன் உறைபனியில் போய் இறங்குகிறான், கையில் இரண்டு மாதச் செலவுக்கு மட்டும். பிறகு படிப்பு எங்கே? இரவு முழுவதும் கிடங்கில் மூட்டை தூக்குகிறான். தாயிடம் தொலைபேசியில் "நன்றாக இருக்கிறேன் அம்மா" என்கிறான். அது இரண்டாவது பொய். முதல் பொய்யின் பிள்ளை.

"எல்லாரும் செய்கிறார்கள்" என்பதும், "ஏஜெண்டு நிரப்பினான், நான் பார்க்கவில்லை" என்பதும் நாம் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கூடச் சொல்லத் துணியாத சாக்குகள். கீழே இருப்பது யாருடைய கையெழுத்து? 2023-ல் கானடாவில் இந்திய மாணவர் பலர், பெரும்பாலும் பஞ்சாபியர், தங்கள் கல்லூரி அனுமதிக் கடிதம் போலி என்று தெரிய வந்து நாடு கடத்தப்படும் நிலையில் நின்றார்கள். அவர்களில் அநேகர் ஏஜெண்டால் ஏமாற்றப்பட்ட நிரபராதிகள். அவ்வாண்டு டிசம்பர் முதல் ஒவ்வொரு கடிதத்தையும் கல்லூரியிடமே கேட்டுச் சரி பார்க்கும் வழக்கம் வந்தது. பொய் பிடிபட்டால் கானடாவில் ஐந்தாண்டுத் தடை, இங்கிலாந்தில் பத்தாண்டு, அமெரிக்காவில் ஆயுள் முழுவதும். ஆனால் தண்டனைக்குப் பயந்து மட்டும் பேசுவதானால் இந்தப் பத்திரிகை வேண்டியதில்லை, வக்கீல் போதும். உண்மையாகக் காகிதம் கொடுத்த அடுத்த தெருப் பெண்ணின் விண்ணப்பத்தையும் இனிச் சந்தேகத்தோடு பார்ப்பார்களே, அந்த அநியாயத்துக்கு யார் பரிகாரம் செய்வது?

ஒரு விஷயத்தில் அளவுக்கு மீறி மனச்சாட்சியை வருத்திக் கொள்ள வேண்டாம். படித்துத் திரும்பலாம் என்று மெய்யாகவே எண்ணிப் போனவன், போன இடத்தில் வேலை கிடைத்துத் தங்க விரும்பினால், அவன் பொய்யன் அல்ல. மனிதன் எண்ணம் மாறும். அமெரிக்காவின் எச்-1பி விசாவில் தற்காலிகமாக வருகிறேன், முடிந்தால் தங்குவேன் என்ற இரட்டை எண்ணத்தைச் சட்டமே ஒப்புக் கொள்கிறது. சுற்றுலா விசாவில் அப்படியல்ல. அங்கே ஒவ்வொருவரையும் தங்க வருகிறவர் என்றே முதலில் வைத்து, இல்லையென்று நிரூபிக்கச் சொல்கிறார்கள். ஆகவே எந்தத் தாளில் என்ன கேட்கிறது என்பதை வாசித்துப் பாருங்கள்.

உயிருக்குப் பயந்து ஓடுகிறவன் கதையும் வேறு. 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து கிடைத்த தோணியில் ஏறினவர்களை நம் கடற்கரைப் பங்குகள் அறியும். அவர்களில் ஒருவர் ஏதோ ஒரு தாளில் ஏதோ ஒரு பெயரில் கடல் கடந்திருந்தால், அவர் மேல் கல்லெறிய இதை எழுதுகிறவனுக்குக் கை வராது. அகதிகள் பற்றிய 1951-ஆம் ஆண்டு உடன்படிக்கையும், உயிராபத்திலிருந்து நேரே வந்து தாமதமின்றித் தன்னை ஒப்புவிக்கிறவனைச் சட்டவிரோதமாய் நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் இருப்பது என்னவென்று தேயிலைத் தோட்டத் தமிழரைக் கேளுங்கள். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் லட்சக்கணக்கானோர் பிரஜா உரிமையின்றி நின்றார்கள். 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிப் பிரித்தார்கள். மிச்சமிருந்தோர் காரியம் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் ஒருவாறு தீர்ந்தது. பாஸ்போர்ட்டை அலட்சியமாகப் பேசுகிறவர்கள் இதை மறக்க வேண்டாம். ஆனால் நல்ல வீடும் நல்ல வேலையும் உள்ளவன், இன்னும் நல்ல சம்பளத்துக்காகப் போகும்போது, அகதியின் சலுகையைத் தனக்கு எடுத்துக் கொள்ளக் கூடாது.

காகிதத்துக்காகக் கலியாணம் செய்வதைப் பற்றி ஒரு வார்த்தை போதும். சம்மதமில்லாத இடத்தில் மெய்விவாகம் இல்லை. பலிபீடத்தின் முன் "சம்மதம்" என்று சொல்லி, மனதில் பச்சை அட்டையை மட்டும் வைத்திருக்கிறவன் அந்தத் தேசத்துச் சர்க்காரை மட்டுமா ஏமாற்றுகிறான்? அச்சட்டத்தில் இதற்கு ஐந்தாண்டு வரை சிறை உண்டு. அந்தப் பெண்ணின் வாழ்க்கைக்கு எந்தச் சட்டத்தில் ஈடு உண்டு?

இனி அந்தப் பெரியவர் முணுமுணுத்த காரியத்துக்கு வருவோம். தகுந்த காரணத்துக்காக வேறு தேசம் போய்க் குடியேற மனிதனுக்கு உரிமை உண்டு என்று பாப்பரசர் 23-ஆம் அருளப்பர் 1963-லேயே தெளிவாக எழுதினார். போகலாம். ஆனால் பிரமாணம் செய்யலாமா? கானடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் புதுப் பிரஜையிடம் விசுவாசப் பிரமாணம் கேட்கிறார்கள், பழைய நாட்டைக் கைவிடச் சொல்வதில்லை. அமெரிக்காவின் பிரமாணமோ பழைய அரசுகளுக்குரிய விசுவாசம் முழுவதையும் விட்டொழிப்பதாகச் சொல்ல வைக்கிறது. தேவைப்பட்டால் ஆயுதம் ஏந்துவதாகவும், மனதில் எதையும் ஒளித்து வையாமல் சொல்வதாகவும் கூடச் சொல்ல வேண்டும். "வாயால் சொல்லிவிட்டு மனதில் வேறொன்று வைத்துக் கொண்டால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். இந்தத் தந்திரம் புதிதல்ல. 1679-ல் பாப்பரசர் 11-ஆம் இன்னசெந்து கண்டித்த கூற்றுகளில் இதுவும் ஒன்று. சர்வேசுரனைச் சாட்சி வைத்துச் சொன்ன வார்த்தைக்கு உள்பாக்கெட் கிடையாது.

இந்தியச் சட்டமும் இரட்டை வாசல் வைக்கவில்லை. அரசியல் சட்டத்தின் 9-ஆம் பிரிவும் 1955-ஆம் ஆண்டுப் பிரஜா உரிமைச் சட்டமும், தானாக விரும்பி அந்நியப் பிரஜையாகிறவன் அந்தக் கணமே இந்தியப் பிரஜையல்ல என்கின்றன. 2022-ல் மட்டும் 2,25,620 பேர் இப்படி விட்டார்கள் என்று பாராளுமன்றத்தில் சொல்லப்பட்டது. அவ்வளவு பேரும் நன்றி கெட்டவர்களா? அர்ச். தோமாஸ் அக்குவினாஸ், தேவனுக்கு அடுத்தபடி பெற்றோருக்கும் பிறந்த நாட்டுக்கும் நாம் கடன்பட்டவர்கள் என்கிறார். ஆனால் கலியாணமாகிப் போன பெண் புகுந்த வீட்டுக்கு உண்மையாயிருப்பதால் பிறந்த வீட்டுக்குத் துரோகியாகிவிடுகிறாளா? அரசுக்குச் செலுத்தும் விசுவாசம் மாறலாம். பெற்ற மண்ணுக்குரிய பட்சமும் நன்றியும் மாற வேண்டியதில்லை. இது என் துணிபு. ஆயினும் நாளை அந்த நாட்டுக்கும் நம் நாட்டுக்கும் சண்டை வந்தால் ஆயுதம் ஏந்துவேன் என்று சொல்லியாயிற்றே, அப்போது என்ன என்று ஒருவன் கேட்டால், அவனை நான் பைத்தியக்காரன் என்று சொல்ல மாட்டேன். அவன் வார்த்தையை வார்த்தையாக எடுத்துக் கொள்கிறான்.

அப்படிப்பட்டவன் பிரமாணமே செய்யாமல் நிரந்தர வாசியாகவே இருந்து விடலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அதிலும் முள் உண்டு. இங்கே தாய் படுக்கையில் விழுந்தால், முன் அனுமதியின்றி ஓராண்டுக்கு மேல் வந்து தங்கினால் அமெரிக்காவில் அந்த உரிமை ஆபத்துக்குள்ளாகும். பெற்றோரைத் தன்னோடு அழைத்துக் கொள்ளவோ, அங்கே பிரஜையான மகனுக்குத்தான் வழியுண்டு. தாயைப் பார்க்கத் தாய்நாட்டை விட வேண்டியிருக்கிறது பாருங்கள்! இந்தக் கணக்கை வெளியிலிருந்து யாரும் போட்டுக் கொடுக்க முடியாது. ஆகையால் மகன் பிரமாணம் செய்த படத்தை அனுப்பும் நாள் வரை பொறுத்திராமல், பெற்றோர் அதற்கு முன்பே அவனோடு இதைப் பேசுங்கள்.

பேசும்போது ஓ.சி.ஐ. அட்டையைப் பற்றியும் சொல்லுங்கள். அது இரண்டாவது பிரஜா உரிமையல்ல; ஆயுள் விசா. அதை வைத்திருப்பவருக்கு வோட்டு இல்லை, சர்க்கார் பதவி இல்லை. விவசாய நிலம் வாங்க முடியாது, தகப்பன் வழி வருவதைச் சுதந்தரித்துக் கொள்ளலாம். பழைய பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் ஒப்படைக்க வேண்டும். சிலர் அதை மறைத்து வைத்துக் கொண்டு சென்னையில் ஒன்றையும் அங்கே மற்றொன்றையும் காட்டுகிறார்கள். இது 1967-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நாம் முதலில் பேசிய அதே பொய்தான். ஒப்படைத்தால் ரத்து முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்து விடுகிறார்கள். அம்மா அதைப் பீரோவில் வைத்துக் கொள்ளலாம்.