சுவரில் ஒரு பந்தி

புதுமனை புகும் நம்மில் பலர் உணவறைச் சுவருக்கென விரும்பி வாங்குவது, லியோனார்டோ டா வின்சி தீட்டிய ‘இறுதி இராவுணவு’ ஓவியத்தின் அச்சுப்படியாகும். சட்டத்தின் வேலைப்பாட்டையும் கண்ணாடியின் தெளிவையும் ஆராய்ந்து, பேரம் பேசி வாங்குகிறோம். நாம் வாங்கியது ஓவியமா, அதன் நிழலா? நகலுக்கென்று ஓர் உண்மை உண்டா?

மூல ஓவியம் மிலான் நகரில், சாந்தா மரியா தெல்லே கிராசியே ஆலயத்தை அடுத்த மடத்தில், சாமிநாதர் சபைத் துறவியர் உணவருந்திய கூடத்தின் சுவரில் உள்ளது. ஏறத்தாழ 1495 முதல் 1498 வரை அது தீட்டப்பெற்றது. உலர்ந்த பூச்சின்மேல் வரைந்தமையால், ஓவியரின் வாழ்நாளிலேயே வண்ணம் உதிரத் தொடங்கிற்று. 1652-இல் அச்சுவரில் வாயில் ஒன்று திறக்கப்பட்டபோது இயேசுபிரானின் பாதங்கள் அழிந்துபோயின. அப்பாதங்களை, 1520-ஐ ஒட்டி ஜாம்பியெத்ரினோ வரைந்த நகலில் நாம் இன்றும் காணலாம். 1999-இல் நிறைவுற்ற சீரமைப்புப் பணிக்கும் அந்நகல் துணைநின்றது. ஆகவே, நகல் என்பதாலேயே ஒன்று பொய்யாகிவிடாது. மூலம் இழந்ததை நகல் காத்து வைப்பதும் உண்டு.

எனின், நம் வீட்டு நகல் எப்போது பொய்யாகிறது? அது காட்டுவதை நாம் காணாதபோது.

தம்மைக் காட்டிக்கொடுப்பவன் உடனிருப்போரில் ஒருவனே என்று ஆண்டவர் உரைத்த கணத்தை இவ்வோவியம் காட்டுகிறது. முன்னைய ஓவியர் பலர் யூதாசை மேசையின் மறுபுறம் தனியே அமர்த்தினர். லியோனார்டோ அவனை ஏனையோருடன் ஒரே வரிசையில் அமர்த்தினார். காட்டிக்கொடுக்க இருப்பவனுக்கும் அப்பந்தியில் இடமுண்டு.

அதன்கீழ் நாம் நாள்தோறும் உண்கிறோம். நம் இல்லத்தில் பணிபுரியும் சகோதரிக்கு நம் மேசையில் இடமுண்டா? அல்லது அவருக்கெனத் தனித்தட்டும் தனிக்குவளையும் கொல்லைப்புறத்தில் கவிழ்த்து வைக்கப்பட்டுள்ளனவா? அவ்வாறாயின் குறை ஓவியனுடையதன்று; அச்சிட்டவனுடையதும் அன்று.

அன்று அக்கூடத்தில் உணவருந்திய துறவியர், ஆண்டவரின் பந்தியைத் தம் பந்தியோடு சேர்த்தே கண்டனர். நம் மேசையும் அவ்வாறு அவர் பந்தியோடு சேருமாயின், மலிவான அச்சுப்படியும் தன் பணியைச் செய்துவிடும். சேராவிடில், மிலான் நகரச் சுவரையே பெயர்த்துக் கொணர்ந்தாலும் நமக்குப் பயனில்லை. படம் மாட்டச் சுவரை அளக்கும் நாம், அதன்கீழ் இடும் மேசையையும் ஒருமுறை அளந்து பார்ப்போமாக.