கையிருப்பும் உடைமையும்

மனிதன் தன் கையில் இருப்பதையெல்லாம் தன்னுடையது என்று எண்ணிக்கொள்வது இயற்கை. அதை அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் கையில் இருந்தும் தன்னுடையதல்லாத பொருள் உண்டு என்பதையும், அந்தப் பொருளுக்கும் தன் பொருளுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத கோடு ஒன்று ஓடுகிறது என்பதையும், அந்தக் கோட்டை நாள்தோறும் தன் கையாலேயே புதிதாக வரைந்துகொண்டிருக்க வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்வதற்கு மட்டும் ஒரு கல்வி வேண்டியிருக்கிறது. கணக்கு என்று உலகம் சொல்லுகிற சாஸ்திரம், அதன் கூட்டல் கழித்தல்களையும் வரி விகிதங்களையும் நீக்கிவிட்டுப் பார்த்தால், அந்தக் கல்வியேயன்றி வேறில்லை என்பது, திருத்தணியில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்குப் பார்த்து ஜீவனம் நடத்திவரும் என்னுடைய அபிப்பிராயம்.

எங்கள் பக்கத்து வியாபாரத்தில் ஒரு பாதி முருகனை நம்பியும் மறு பாதி தறியை நம்பியும் நடக்கிறது என்று சொல்லிவிடலாம். அடிவாரத்தில் பூஜைச் சாமான் விற்பவர், ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடி கட்டித் தருபவர், முகூர்த்த நாட்களில் மட்டும் மூச்சுவிடும் கல்யாண மண்டபக்காரர், பொதட்டூர்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் பத்துப் பன்னிரண்டு விசைத்தறி ஓட்டுபவர், திருவாலங்காட்டிலுள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் லாரி உரிமையாளர் ஆகிய இவர்களே என் வாடிக்கைக்காரர்கள். வீட்டில் தெலுங்கு பேசி, கடையில் தமிழில் சிட்டை எழுதி, அரசாங்கத்துக்கு ஆங்கிலத்தில் விவரம் தாக்கல் செய்யும் குடும்பங்கள் இவர்களில் பல. சரஸ்வதி பூஜையன்று கணக்குப் புத்தகத்துக்குச் சந்தனம் குங்குமம் இடுவதும், டிசம்பர் 31-ஆம் தேதி இரவு மலைப்படிகள் 365-க்கும் பூஜை நடக்கையில் விடிய விடியக் கடை திறந்திருப்பதும், ஏப்ரல் 1-ஆம் தேதி புதுப் பேரேடு தொடங்குவதுமாக இவர்களுக்கு ஆண்டில் மூன்று புதுவருஷங்கள் உண்டு.

அந்த ஏப்ரல் 1 எங்கள் ஊருக்குச் சரித்திரப் பிரசித்தி பெற்ற நாளுமாகும். ம.பொ.சி. முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்கும் படாஸ்கர் செய்த மத்தியஸ்தத்துக்கும் பிறகு, சித்தூர் ஜில்லாவிலிருந்த திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது 1960-ஆம் ஆண்டு அதே தேதியில்தான். மொழியை முன்னிட்டு அன்று வரைந்த எல்லை இன்று எங்கள் பில் புத்தகங்களில் வேறொரு ரூபத்தில் வாழ்கிறது. வரிப் பதிவு எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் தமிழ்நாட்டுக்கு 33, ஆந்திரத்துக்கு 37. ஆண்டுக்கு 40 லட்ச ரூபாய் வரை சரக்கு விற்கும் வியாபாரி தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்பவனாக இருந்தால் பதிவு செய்துகொள்ளத் தேவையில்லை. ஆனால் பொதுவாக, வரிக்குரிய சரக்கைச் சிறிதளவு ஆந்திரத்திலுள்ள நகரிக்கு விற்றாலும், விற்றுமுதல் எவ்வளவு குறைவாயினும், அவன் பதிவு செய்தே தீர வேண்டும். மாமன் வீடு நகரியிலும் தறி இந்தப் பக்கமும் உள்ளவரிடம் இதைச் சொன்னால், “பொண்ணு கொடுக்க எல்லை இல்லை, துண்டு விக்க மட்டும் எல்லையா சார்?” என்று கேட்கிறார். சட்டத்தை என்னால் விளக்க முடிகிறது. கேள்வியின் நியாயத்தை மறுக்க முடிவதில்லை.

இப்படிப்பட்ட சூட்சுமங்களில் என் வாடிக்கைக்காரர்கள் என்னைவிடச் சமர்த்தர்கள். திருநீற்றுக்கும் குங்குமத்துக்கும் பஞ்சாமிர்தத்துக்கும் வரி இல்லை, கர்ப்பூரத்துக்கு உண்டு என்பதைப் பூஜைக் கடைக்காரரின் பேத்திகூடச் சொல்லிவிடுவாள். அவர்களுக்கு விளங்காதது வேறு. 2017 ஜூலை 1-இல் சரக்கு சேவை வரி வந்தது முதல், வாங்குகிறவனிடம் விலையோடு வரியையும் சேர்த்து வாங்கிக் கல்லாவில் போடுகிற கடைக்காரர், மாதம் 20-ஆம் தேதி அதைக் கட்டச் சொல்லும்போது, தன் சொத்தில் ஒரு பகுதியை யாரோ பறிப்பதாகவே வேதனைப்படுகிறார். அந்தப் பணம் தம்மை ஒரு வழிப்போக்கனாகக் கடந்து போவதற்காக வந்தது, தம்மிடம் தங்குவதற்காக வந்ததன்று என்று சொன்னால், “கல்லாவுல இருந்தது, பையன் காலேஜுக்கு எடுத்துட்டேன்” என்கிறார். அதில் வஞ்சகம் கிடையாது. கல்லாவில் வரிப் பணத்துக்கும், நூல் வியாபாரிக்குத் தரவேண்டிய பணத்துக்கும், சனிக்கிழமைக் கூலிக்கும், மிஞ்சிய லாபத்துக்கும் முகத்தில் வித்தியாசம் இல்லை. ரூபாய் நோட்டு தன் உடைமையாளன் பெயரைத் தன்மேல் எழுதிக்கொண்டு வருவதில்லை.

ஆயினும் அதே கடைக்காரரின் வீட்டில், சுவாமி அலமாரியில், மஞ்சள் துணியில் முடிந்த காசு ஒன்று இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட சமயத்திலோ, கேஸ் நடந்த சமயத்திலோ, முருகனுக்கென்றோ திருப்பதி வேங்கடாசலபதிக்கென்றோ வேண்டிக்கொண்டு முடிந்து வைத்தது. வாடகைக்கு வழியில்லாமல் கைமாற்று வாங்க அலைந்த நாளிலும் அவர் அந்த முடிச்சை அவிழ்த்ததில்லை. அவிழ்க்கலாமே என்ற எண்ணம்கூட அவருக்குத் தோன்றியிராது. கையில் இருப்பது வேறு, உடைமை வேறு என்ற தத்துவத்தை இவருக்கு நான் போதிக்கவா வேண்டும்? ஆகையால் ஜமா-செலவு விளக்கங்களை விட்டுவிட்டு, வரிக்கென்று வங்கியில் தனிக் கணக்கு ஒன்று திறந்து, அன்றன்று விற்பனையின் வரிப்பங்கை அன்றிரவே அதில் போட்டுவிடும்படி சொல்லத் தொடங்கினேன். “முருகன் முடிச்சு மாதிரியா?” என்று கேட்டவர்கள் அதை ஒழுங்காகச் செய்கிறார்கள். சட்டத்தின் பயம் செய்யாததைப் பழைய பக்தியின் பழக்கம் செய்துவிடுகிறது.

பிறருடையதைப் பிரித்தறிவது இவ்வாறு ஒருவகையில் எளிதாயினும், தன்னுடையதிலேயே தின்னத் தகாதது ஒன்று உண்டு என்பதை அறிவது கடினம். விசைத்தறிக்காரர் நூல் விலையையும் கூலியையும் கழித்துவிட்டு மிஞ்சுவதை லாபம் என்கிறார். இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் மின்சாரம் இலவசமாகக் கிடைப்பதை அவர் நினைப்பதில்லை. தறி தேய்ந்துகொண்டே வருவதை நினைப்பதில்லை. தாமும் மனைவியும் விடியற்காலை முதல் உழைப்பதற்குக் கூலி போடுவதுமில்லை. அவற்றையெல்லாம் காகிதத்தில் வரிசையாக எழுதிக் கழித்துக் காட்டினால், சில ஆண்டுகளில் லாபம் என்று அவர் செலவழித்தது தறியின் இரும்பையும் தம் ஆயுளையுமே என்று தெரிகிறது. அந்தக் காகிதத்தைப் பார்த்த பெரியவர் ஒருவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இதைத் தெரிஞ்சுக்காம இருந்தா நிம்மதியா இருந்திருப்பேன், சாமி” என்றார். அறியாமை தரும் நிம்மதியைக் கலைக்க எனக்கு என்ன அதிகாரம் என்று அன்று யோசித்தேன். ஆனால் அடுத்த மாதம் அவர் துண்டுக்கு இரண்டு ரூபாய் விலை ஏற்றிக் கேட்டு, வாங்குகிறவரும் முணுமுணுப்போடு கொடுத்ததைப் பார்த்த பிறகு, அந்த யோசனை தானாகவே தீர்ந்தது.

தன்னுடையதிலும் தின்னத் தகாதது உண்டு என்பதை நம் முன்னோர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகளைக் கொடுத்து, அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையன் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும் என்று கல்லில் வெட்டினார்கள். அந்த ஆடுகளைச் சாவா மூவாப் பேராடுகள் என்று குறித்தார்கள். ஆடு சாகும், மூப்படையும் என்பது அவர்களுக்குத் தெரியாதா? செத்ததற்கு ஈடாகக் குட்டியை வளர்த்து, மந்தையின் தொகை குறையாமல் காத்துக்கொண்டு, அதற்கு மேல் விளைந்ததையே அனுபவிக்க வேண்டும் என்பது அதன் தாத்பரியம். முதலைத் தின்னாமல் பலனை உண்பது என்ற இந்த விதியையே இன்றைய கணக்கியல் தேய்மானம் என்ற பெயரால் வற்புறுத்துகிறது. அதே கணக்கியலின் கண்ணில் கடையும் கடைக்காரரும் இரண்டு தனி ஆட்கள். கடைக்காரர் போட்ட முதல், கடை அவருக்குத் தரவேண்டிய கடன். ஆதலால் ஐந்தொகையில் முதல் கடன்களின் பக்கத்தில் நிற்கிறது. முதன்முறை கேட்கிறவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். தன்னிலிருந்து சற்று விலகி நின்று தன்னையே பார்க்கும் இந்தப் பயிற்சியை ஞானிகள் தியானத்தில் பழகுகிறார்கள். எங்கள் ஊர் மளிகைக்காரரை மார்ச் மாதத்தில் பேரேடு பழக்குகிறது.

புத்தொழில் தொடங்கும் இளைஞர்கள் சில காலமாக வருகிறார்கள். பட்டணத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள். சொந்த வீட்டு முன்னறையைக் கம்பெனியின் விலாசமாகப் பதிவு செய்துகொள்கிறவர்கள். இவர்களுடைய மொழி வேறு, கணிதம் கூர்மையானது. ஆனால் கோடு அழியும் இடம் அதேதான். ஓராண்டுச் சந்தாவை முன்பணமாகப் பெற்ற நாளிலேயே அத்தனையும் வருமானம் என்று மகிழ்கிறார்கள். பன்னிரண்டு மாதச் சேவையைச் செய்து முடிக்கும் வரை அது வாடிக்கையாளனுக்குப் பட்ட கடன் என்று சொன்னால் முகம் சுண்டிப்போகிறது. முதலீட்டாளர் போட்ட பணத்தையும் வெற்றியின் அடையாளமாக ஊருக்குச் சொல்லிக்கொள்கிறார்கள். அது பிறர் வைத்த நம்பிக்கையின் அளவே தவிர, இவர்கள் சம்பாதித்ததன் அளவு அன்று. பூஜைக் கடைக்காரரின் கல்லாப் பெட்டிக்கும் இவர்களுடைய வங்கிக் கணக்குக்கும் பூஜ்யங்களின் எண்ணிக்கையில்தான் பேதம்.

பிறருக்கு இவ்வளவு சொல்லுகிறவனுக்கும் அந்தச் சோதனை உண்டு. என் மேஜை இழுப்பறையில் வாடிக்கைக்காரர்களின் டிஜிட்டல் கையொப்பச் சாவிகள், பெயர் எழுதிய சிறு காகிதங்கள் சுற்றப்பட்டுக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றைச் செருகினால் அந்த மனிதரின் பெயரால் நான் கையெழுத்திட முடியும். எவருக்கு எவ்வளவு கடன், எந்தச் சகோதரர் எந்தச் சகோதரருக்குத் தெரியாமல் சீட்டுக் கட்டுகிறார் என்ற அந்தரங்கங்களும் என்னிடம் இருக்கின்றன. எல்லாம் கையில் உள்ளவை, ஒன்றும் என்னுடையதன்று. உத்திரமேரூர்க் கல்வெட்டில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஊர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற்போனவனையும் அவனுடைய உறவினரையும் மறுபடி தேர்ந்தெடுக்கக் கூடாது என்று விதித்தார்கள். உறவினரையும் சேர்த்து விலக்கியது கொடுமை என்று இன்றைய மனத்துக்குப் படலாம். ஆனால் பொதுப்பொருள் ஒருவன் கையில் தங்கிவிட்டால் அது மெல்ல மெல்ல அவன் குடும்பத்தின் பொருளாகிவிடும் என்ற மனித சுபாவத்தை அந்த ஊரார் உள்ளபடி கண்டிருந்தார்கள்.

எல்லாவற்றையும் இப்படி எண்ணி எண்ணிப் பார்த்தால் மனம் கல்லாகிவிடாதா, தர்மம் செய்யக் கை நீளுமா என்று சிலர் கேட்கக்கூடும். இதற்கு விடையாக, அடையாளங்களை மாற்றி, ஒருவரைப் பற்றிச் சொல்லுகிறேன். அவர் ஆண்டுதோறும் ஆடிக் கிருத்திகைக்கு அன்னதானம் செய்பவர். காவடி தூக்கி வருகிறவர்களுக்கு இலை போட்டுத் தம் கையாலேயே பரிமாறுபவர். அந்தப் பக்தியில் பொய் இல்லை. ஓராண்டு அவருடைய கணக்கை முடிக்கும்போது, அன்னதானச் செலவு ஒரு பக்கத்திலும், ஆட்களுக்கு மூன்று மாதக் கூலிப் பாக்கி எதிர்ப்பக்கத்திலுமாக எழுதவேண்டி வந்தது. நான் ஒன்றும் உபதேசிக்கவில்லை. இரண்டு தொகைகளையும் அருகருகே காட்டினேன். அவர் பார்த்தார். “அப்ப அந்தச் சாப்பாட்டைப் போட்டது நான் இல்லை, என் ஆளுங்க” என்று தாமே சொன்னார். மறு ஆடிக்குள் பாக்கி முழுவதும் தீர்ந்தது. அந்த வருஷம் அவர் நடத்தியது ஒரு நீர்மோர்ப் பந்தல் மட்டுமே. அதன் செலவைக் கடைக் கணக்கில் சேர்க்காமல் தம் சொந்த எடுப்பில் எழுதச் சொன்னார்.

கணக்கு எழுதுகிறவன் எல்லாம் யோக்கியன் என்று நான் சொல்லவரவில்லை. கணக்கில் கைதேர்ந்த அயோக்கியர்களையும் இந்தத் தொழிலில் பார்த்திருக்கிறேன். ஆனால் கணக்கே பாராதவனுடைய நல்லெண்ணத்துக்கு ஒரு குறை உண்டு: அது யாருடைய செலவில் நடக்கிறது என்பது அவனுக்கே தெரியாது. கொடுப்பதற்கு முதலில் நம்முடையது என்று ஒன்று இருக்க வேண்டும்; அது எவ்வளவு என்பது, நம்முடையதல்லாததையெல்லாம் உரியவர் பெயரில் எழுதி முடித்த பிறகுதான் தெரியும். பெரும்பாலும் அந்த மிச்சம் நாம் நினைத்திருந்ததைவிடக் குறைவாகவே இருக்கும். குறைவாக இருந்தாலும், அதைக் கொடுக்கும்போதுதான் மனிதன் உண்மையாகவே எதையோ கொடுக்கிறான்.